ஆத்துல இருக்கு

நம் வயசுக்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நம் வீடுகளில் வாயில் வரக் கூடாத சொற்கள் என்று சில உண்டு. வெளியே கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கு அணையாது, மலையேறும். அரிசி தீராது, நிறைந்திருக்கும். அரிசி நிறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னதை அப்படியே நம்பி, பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு படி தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து திட்டு வாங்கியவள் நான். சொல்லுக்கு நம் பெரியவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் தம்பி பையன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறார்களாம். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, நான் இப்படிச் செய்கிறேன், நான் அப்படிச் செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இவன்தான் கதை சொல்கிறவன்.

"எல்லாரும் புதுசுப்பா. முதல் கதையா எதை எடுக்கறதுன்னுதான் கொழப்பமா இருக்கு," என்று அவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் அடுக்களையிலிருந்தே, "போன வழியிலேயே திரும்பி வர முடியற கதையா எடு," என்றேன்.

பையன் வாயைப் பிளந்தான். சாம்பார் வைக்கிற அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தம்பி மட்டும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் நாங்களும் சித்தப்பா குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தாள். அத்தையின் கணவரை வேலை விஷயமாகச் சில மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். வெளிநாடு போனவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள், செண்ட் கொண்டுவருவார்கள். அவர் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். பகடை ஆட்டம் என்று கடைக்காரன் சொன்னானாம். சரி, தாயம் மாதிரி ஏதோ என்று வாங்கிவிட்டார்.

பெட்டி மூடியில் இறக்கை முளைத்த ஒரு பாம்பு. உள்ளே கட்டமும் இல்லை, காயும் இல்லை. இரண்டு புத்தகங்கள், சாயம் போட்ட மிட்டாய் போலக் கலர் கலராகப் பகடைகள். நம் பகடை மாதிரி ஒன்றுதான் இருந்தது. மற்றவை கூம்பும் கோணலுமாக, ஒன்றுக்கு இருபது முகம். திறந்தவுடன் புது அட்டையும் மையும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை நான் அதற்குப் பிறகு எங்கேயும் முகர்ந்ததில்லை.

அத்தை பிள்ளை, எங்கள் அத்தான், அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். இரண்டு புத்தகங்களையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தது எங்களுக்காக இல்லை. சித்தப்பா பெண்ணுக்காக.

அவளைத் தங்கை என்றே சொல்கிறேன், அப்படித்தான் வளர்ந்தோம். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. மாடிப்படி ஏறினால் நாவல்பழம் தின்றவள் போல உதடு நீலமாகிவிடும். நாலு படிக்கு ஒரு தரம் உட்காருவாள், யாராவது பார்த்தால் கொலுசு கழன்றுவிட்டது போலக் குனிந்துகொள்வாள். ஸ்கூல் பாதி நாள்தான். நாங்கள் வீதியில் ஓடும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"உக்காந்த எடத்துலேயே ஓடலாம், குதிக்கலாம், சண்டை போடலாம். இவளுக்குன்னே பண்ணின ஆட்டம்," என்றான் அத்தான். அந்த வீட்டில் அவளுக்காக யோசித்து யாராவது கொண்டுவந்தது மருந்து தவிர அது ஒன்றுதான்.

அந்த ஆடி மாதம் வீடு சரியாக இல்லை. நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வேலூர் என்கிற சொல் மட்டும் காற்றில் மிச்சமிருக்கும். சித்தப்பா தங்கையிடம், "சும்மா ஒரு செக்கப்டி கண்ணா, போயிட்டு வந்துடலாம்," என்பார். சித்தி அப்போது எழுந்து உள்ளே போய்விடுவாள். சித்தி பொய் சொல்ல மாட்டாள். ஊரில் எல்லாரும் பொய் சொன்னால் பாவம் என்று சொல்வார்கள், சித்தி அதை நம்பினாள். சொல்ல முடியாத இடத்தில் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஆடிக்காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது. காவேரியில் வெள்ளம் கரை தொட்டு ஓடுவதாகப் பால்காரர் சொன்னார்.

மாடி அறையில் வட்டமாக உட்கார்ந்தோம். அத்தான், நான், தம்பி, தங்கை. புத்தகத்தில் மூன்று கதைகள் இருந்தன. ஒன்று, அரக்கன் குடியிருக்கும் கோபுரம். மலை உச்சியில் இருக்கிறது, ஏறினால் இறங்க வழி கிடையாது, அரக்கனை ஜெயித்தால்தான் விமோசனம். இரண்டாவது, காட்டு வழியில் வணிகர்களுக்குத் துணையாகப் போவது. மூன்றாவது ரொம்பச் சின்னது. கிராமத்துக் கோவில் மணியை யாரோ திருடிக் குகையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், எடுத்து வர வேண்டும்.

"கோபுரம்!" என்று கத்தினான் தம்பி. எனக்கும் கோபுரம்தான் ஆசை. குகைக்குள் கிடக்கிற மணிக்காகவா இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்தது அந்தப் பெட்டி?

அத்தான் தலையாட்டினான். "ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுடா. முதல் ஆட்டத்துல நம்ம ஆளுக்கெல்லாம் உயிர் ரொம்பக் கொஞ்சம். ரெண்டு அடி விழுந்தா முடிஞ்சுது. எதிரி கம்மியா, விதி கம்மியா, ஒரு சாயங்காலத்துல முடியறதா இருக்கணும்."

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எதுல போனா திரும்பி வரலாம்?"

அத்தான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "குகைக்கு ஒரே வாசல்தான். போன வழியிலேயே வந்துடலாம்."

"அப்ப குகை," என்றாள். தம்பி முறைத்துப் பார்த்தான், ஆனால் அவள் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. குகை என்று முடிவாயிற்று.

தம்பி வாள் வீரன். நான் மந்திரக்காரி. நீ யார் என்று கேட்டதும் தங்கை யோசிக்கவே இல்லை. "ஓடறவ," என்றாள். ஊரிலேயே வேகமாக ஓடுகிறவள். உடைந்த பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றைத் தனக்குக் காயாக வைத்துக்கொண்டாள். அத்தான் ஆட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு விதி சொன்னான்: "பகடை என்ன சொன்னாலும் சரி, கடைசியில கதை சொல்றவன் சொன்னதுதான் முடிவு. அதுல சண்டை கிடையாது."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டம் முழுக்க, நம் வீடுகளில் வரக் கூடாத சொற்களால் ஆனது. "நான் உள்ளே போறேன்." "விளக்கு அணைஞ்சுடுத்து." "எண்ணெய் தீர்ந்துடுத்து." கதைக்குள் வேறு எப்படிச் சொல்வது? குகைக்குள் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டா போவார்கள்? தங்கை அந்தச் சொற்களை நாக்கில் உருட்டி உருட்டிச் சொன்னாள். பயப்படாமல் ஒரு தரம் சொல்லிப் பார்க்க அவளுக்கு அந்த வீட்டில் வேறு இடம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கீழே அடுக்களையில் சித்தி அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் பேசினால் அடுக்களையில் தெளிவாகக் கேட்கும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு சாயங்காலத்தில் முடிகிற கதையை நாங்கள் முடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் ஆடினோம். ஓடுகிறவள் எங்களுக்கு முன்னால் ஓடி, குகையின் அடிவயிற்றில் இருந்த மணியை எடுத்துவிட்டாள். அதே சமயம் தம்பியின் வீரன் பள்ளத்தில் விழுந்தான், அவனோடு தீவட்டியும் போயிற்று. பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு அத்தான் உதட்டைப் பிதுக்கினான்.

தம்பி ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"அழாதேடா. செத்துட்டா என்ன? வேற ஒரு ஆளைப் போட்டுக்கலாம்," என்றான் அத்தான்.

"நான் செத்துட்டா?" என்று கேட்டாள் தங்கை.

"உனக்கும் அப்படித்தான். உன் எடத்துக்கு வேற ஒருத்தி வருவா."

யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால், படியின் தலைப்பில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். தட்டில் நாலு டம்ளர் பால். தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை. பகடைகளையும் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். பச்சை வளையல் துண்டும் உள்ளே போயிற்று.

"மாமி, இது கதை..." என்று எழுந்தான் அத்தான்.

"போறும். நீ ஆத்துக்குக் கெளம்பு. நான் சொல்லி அனுப்பினா வா."

"அம்மா, நான் உள்ளே இருக்கேன்," என்றாள் தங்கை. "என்னை வெளியே கொண்டுவந்துட்டு நிறுத்துங்கோ. விளக்கு வேற இல்லை."

சித்தி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். காற்றில் ஜன்னல் கதவு ஒரு தரம் அறைந்து சாத்திக்கொண்டது. பாலை யாரும் குடிக்கவில்லை.

சித்தியின் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது அந்தப் படியில் என்னை நிறுத்திப் பார்க்கிறேன். பெண்ணை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகப் போகிற ஒரு தாயின் காதில் "உன் எடத்துக்கு வேற ஒருத்தி வருவா" என்று விழுந்தால் என்ன ஆகும்? அவள் பதறினது சரி. ஆட்டத்தை அந்த இடத்தில் நிறுத்தினதுதான் தப்பு. அதை அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஆடிப்பெருக்கு வந்தது, போயிற்று. தங்கை ஒரு நாள் மெல்லக் கேட்டாள். "அம்மா, அந்தப் பெட்டி எங்கே?"

சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாள். "ஆத்துல இருக்கு," என்றாள்.

எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டில்தான் இருக்கிறது! சித்தி பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊரறிந்தது. அன்றிலிருந்து நானும் தம்பியும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். பரணில் ஏறினோம், பித்தளை அண்டாக்களுக்குள் தலையை விட்டோம், பழைய பஞ்சாங்கங்களின் அடியில் துழாவினோம், தேளைப் பார்த்துவிட்டுக் கீழே குதித்தோம். தங்கை கூடத்தில் உட்கார்ந்து, இன்னும் பார்க்காத இடங்களை யோசித்துச் சொல்வாள். "கெடைச்சதும் அத்தானுக்குச் சொல்லி அனுப்பணும். அவன் வந்து சொன்னாத்தான் நான் வெளியே வர முடியும்," என்பாள். வேலூருக்கு நாள் பார்த்தாயிற்று என்று எங்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

ஒரு காலை வாசலில் பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி உடம்பெல்லாம் ஒட்டடையோடு நின்றதைப் பார்த்து, "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு பெட்டி. மேல பாம்பு படம் போட்டிருக்கும்."

"றெக்கை வச்ச பாம்பா? அதை ஆடிப்பெருக்கன்னிக்கே உங்க சித்தி, அம்மா மண்டபம் படித்துறையில ஆத்துல விட்டுட்டாங்களே! நான் பக்கத்துலதான் நின்னேன். பேப்பர் சரஸ்வதி, எரிக்கக் கூடாது, குப்பையில போடக் கூடாதுன்னு சொல்லி, பூவெல்லாம் வச்சுத்தான் விட்டாங்க."

ஆத்துல. நம் வீட்டுப் பேச்சில் அகமும் ஆத்து, ஆறும் ஆத்து. வீட்டையும் ஆற்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, எந்த ஆத்து என்று கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. சித்தி பொய் சொல்லவில்லை.

தங்கை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. "அப்ப நான் தண்ணிக்குள்ளேயா இருக்கேன்?" என்று மட்டும் கேட்டாள். பூக்காரம்மா புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் "போயிட்டு வரேன்" என்று சொல்வதை விட்டுவிட்டாள். கொல்லைப்புறம் போனாலும் "போறேன்". தூங்கப் போனாலும் "போறேன்". குறும்புக்குச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். ஒவ்வொரு தரமும் சித்தி கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். சித்தப்பா ஒரு நாள் கையை ஓங்கிவிட்டார். அந்த உதட்டைப் பார்த்ததும் கை தானாக இறங்கிற்று. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. மூச்சு வாங்குவது கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

கிளம்புகிற நாள் வந்தது. ராகு காலம் கழியக் காத்திருந்து, மத்தியானத்துக்கு மேல் டாக்சி வந்தது. டிக்கியில் பெட்டி படுக்கை ஏறிற்று. தங்கை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்து, "நான் போறேன்," என்றாள்.

வழியனுப்ப வந்திருந்த பக்கத்து வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லுடி கொழந்தை," என்றாள் சித்தி.

"எப்படிம்மா வருவேன்? நான் உள்ளேதானே இருக்கேன்? கதை சொல்றவா சொல்லாம வெளியே வர முடியாது."

அத்தானுக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். சித்தப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போகக் குனிந்தார். சித்தி அவரைக் கையால் தடுத்தாள். அப்படியே வாசலை ஒட்டிய ரேழியில், பட்டுப்புடவையோடு, வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ போய் பெருமாள் உள்ளுலேந்து தாயக்கட்டையை எடுத்துண்டு வா," என்றாள் என்னிடம்.

வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடப் பூஜை அறையில் வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். சித்தி அவற்றை உள்ளங்கையில் தேய்த்தாள்.

"என்ன விழணும்?"

"தாயம்," என்றாள் தங்கை. ஒன்று வெறுமையாக விழ வேண்டும், மற்றது ஒற்றைப் புள்ளியாக. "ஆனா முதல்ல நான் எங்கே நிக்கறேன்னு நீ சொல்லணும்."

சித்தி கதை சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "இருட்டா இருக்கு. தரையெல்லாம் ஈரம். விளக்கு அணை..." நின்றாள். பிறகு அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னாள். "விளக்கு அணைஞ்சுடுத்து. உன் கையில மணி இருக்கு. அதை அடி. வாசல்ல நான் நிக்கறேன். எனக்குக் கேக்கறது. சத்தம் வர்ற பக்கம் பார்த்துக் கூப்பிடறேன். என் குரலைப் பிடிச்சுண்டே வா."

உருட்டினாள். பித்தளை சிமெண்டில் மோதி இரண்டு தரம் துள்ளிற்று. நிற்பதற்குள் சித்தி கையால் மூடிவிட்டாள்.

"தாயம்," என்றாள். "தாயம் விழுந்துடுத்து. வெளியே வந்துட்டே."

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சித்தியின் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கட்டை பாதி வெளியே தெரிந்தது. அதில் இரண்டு புள்ளி. மற்றது எப்படி விழுந்திருந்தாலும் அது தாயம் இல்லை.

தங்கை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு நிலைப்படியைத் தாண்டினாள். "போயிட்டு வரேன்," என்றாள்.

டாக்சி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சித்தப்பாவின் வேட்டி நுனி கதவிடுக்கில் படபடத்துக்கொண்டிருந்தது. வேலூரிலிருந்து சேதி வருகிற வரையில் அந்த வீட்டில் நாங்கள் யாரும் உரக்கப் பேசவில்லை. தம்பி தூக்கத்தில், "வாசல் எங்கே, வாசல் எங்கே," என்று உளறினான்.

வந்தாள். தீபாவளிக்கு முன்னால், மார்பின் குறுக்கே ஒரு நீளத் தழும்போடு வந்து இறங்கினாள். உதடு எங்கள் உதடு மாதிரி இருந்தது. சித்தி மறுபடி யாரிடமும் பொய் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பெட்டியைப் பற்றி அந்த வீட்டில் அப்புறம் பேச்சே எழவில்லை. அத்தானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் தம்பி பையனிடம் சொன்ன மறுநாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உறையூரில் இருக்கிறாள், ரிட்டையர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறது. சித்தி காலமாகிப் பல வருஷமாகிவிட்டது, இனிச் சொன்னால் என்ன என்று தோன்றிற்று. இத்தனை காலம் வயிற்றுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு தாயம் விழலைடி. நான் பார்த்தேன்."

அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு," என்றாள். "நானும் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா போயிட்டு வரேன்னே?"

"அம்மா பொய் சொல்லி நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அவளே சொல்றான்னா, செக்கப் இல்லைன்னு அப்பவே புரிஞ்சுடுத்து. தாயக்கட்டை அவ கைக்கடியில கடகடன்னு தரையில அடிச்சுண்டது." டம்ளரை என் கையில் கொடுத்தாள். "இருட்டுல மாட்டிண்டு நிக்கறது நான் இல்லை, அவதான்னு தெரிஞ்சுது. அவளை எப்படியாவது வெளியே கொண்டுவரணுமே. அதுக்குத்தான் சொன்னேன்."